வேனைத் தாம்பரத்தோட நிறுத்திடு தங்கச்சி!

நீ அனுப்பின டூர் லிஸ்ட்டைப் பார்த்தேன். அரையாண்டு லீவுல பதினாலு பேர், டிராவலர் வேன், மதுரையில கிளம்பி சென்னை, மாமல்லபுரம், பாண்டிச்சேரி, சிதம்பரம், தஞ்சாவூர்னு சுத்திட்டு வீடு திரும்புறது. நல்ல ரூட்டுதான். சென்னைக்கு ரெண்டு நாள் ஒதுக்கியிருக்கே. அதுல முதல் நாளைக்கு இப்படி எழுதியிருக்கே: காலையில கபாலி கோயில், அப்புறம் மியூசியம், மதியம் மால், சாயந்திரம் மெரினா, ராத்திரி தி.நகர். எல்லாத்துக்கும் வேன்லயே போறதாம். இந்த ஊர்ல குடும்பம் நடத்துறவ சொல்றேன், கேட்டுக்கோ. வேன் சென்னைக்கு வந்து சேர்றதுக்குத்தான் லாயக்கு, சென்னையைச் சுத்திப் பார்க்கிறதுக்கு இல்லை. வண்டலூர், தாம்பரத்தோட அதை நிறுத்திட்டு ரயில் ஏறிடு.

ஏன்னு கேட்பே. நாலுவழிச் சாலையில ராஜா மாதிரி வர்ற வண்டி, உஸ்மான் ரோட்டுக்குள்ள வந்தா எல்லாருக்கும் இடைஞ்சல். தீபாவளிக்கு முன்னாடி அங்கே ஒரு வெளியூர் டிராவலரைப் பார்த்தேன். மேல கேரியர்ல தார்ப்பாய் போட்டுக் கட்டின மூட்டை. ஒரு பக்கம் தடுப்புத் தகரம், இன்னொரு பக்கம் வரிசையா பைக். ஒரு பையன் கீழே இறங்கி வண்டியோட பக்கவாட்டுல தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும்... ஹோல்டான்!"ங்கிறான். பின் சீட்டுல ஒரு பாட்டி புடவைத் தலைப்பால விசிறிக்கிட்டே, "இன்னும் எம்புட்டு நேரமாகும்?"னு ரோட்டுல போறவங்களை ஜன்னல் வழியா கேட்குது. நான் கடைக்குள்ள போய்ப் பிள்ளைக்கு ரெண்டு பாவாடைத் துணி எடுத்துட்டுத் திரும்பி வர்றேன், வண்டி அதே இடத்துல நிக்குது. மூக்கு மட்டும் வேற பக்கம் திரும்பியிருக்கு.

இதுல டிரைவரைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்லை. ஊர் முழுக்க ரெண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்குது. மூணு தடம், மொத்தம் 118.9 கிலோமீட்டர். மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம், ராயப்பேட்டை, கலங்கரை விளக்கம்னு நீ லிஸ்ட்ல போட்டிருக்கிற இடத்துல பாதி அந்தத் தடத்து மேலதான் இருக்கு. போன மாசம் ரெண்டு பக்கமும் ஓடின தெரு இந்த மாசம் ஒருவழியா மாறியிருக்கும். போன்ல இருக்கிற மேப்புக்குக் காரும் வேனும் ஒண்ணுதான். குறுக்கு வழினு சொல்லி ஏதாவது ஒரு சந்துக்குள்ள திருப்பி விட்டுடும். உள்ளே போனப்புறம் ரிவர்ஸ் எடுக்க ஒரு தெருவே கூடி வழி சொல்லணும்.

கேரியர் வச்ச வண்டிக்குக் கூடுதலா ஒரு தொல்லை இருக்கு. தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் சேர்க்கிற துரைசாமி சப்வே, சைதாப்பேட்டை அரங்கநாதன் சப்வே மாதிரி ரயில் பாதைக்குக் கீழே நுழையுற வழிகள். எந்த சப்வேயா இருந்தாலும் உயரத்தைப் பார்க்காம நுழையக் கூடாது. நம்ம வண்டி எவ்வளவு உயரம்னு டிரைவருக்குத் தெரியும். ஆனா அவருக்குத் தெரிஞ்சது மூட்டை ஏத்துறதுக்கு முந்தின உயரம். ஊர்ல கிளம்புறப்பவே மூட்டையோட சேர்த்து டேப் வச்சு அளந்து, அந்த நம்பரை ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டி வைக்கச் சொல்லு. மழை பெஞ்சா இந்த ரெண்டு சப்வேயிலயும்தான் முதல்ல தண்ணி நிக்கும். டிசம்பர் கடைசியில மழை ஓய்ஞ்சிருக்கும்னு நம்பிக்கையா சொல்ல முடியாது.

வேன் பேசுறப்போ

இதை மாப்பிள்ளைகிட்ட காட்டு. மஞ்சள் போர்டு வண்டியா மட்டும் பேசுங்க. தெரிஞ்சவரோட சொந்த வண்டி, வெள்ளை போர்டு, வாடகை கம்மினு யாராவது சொன்னா வேண்டாம்னுடு. ஒரு விபத்துனு வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பார்க்கிறது அதைத்தான். நீங்க பாண்டிச்சேரி போறீங்க, அது வேற அரசாங்கம். வாடகை வண்டிக்கு அங்கே செல்லுபடியாகிற பெர்மிட் இருக்கா, இல்லைன்னா அதுக்குப் பணம் யார் கட்டுறதுனு முன்னாடியே கேட்டுடுங்க. நாள் வாடகை, கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கோங்க. சென்னையில வண்டி சும்மா நிக்கிற ரெண்டு நாளுக்கு என்ன கணக்குங்கிறதையும் அதுலயே எழுதச் சொல்லு. ஓடாத நாளுக்குக் குறைச்சு வாங்குற முதலாளியும் உண்டு, கேட்டாத்தான் குறைப்பாங்க.

ஃபாஸ்டாக்ல பணம் இருக்கானு கிளம்புறதுக்கு முந்தின ராத்திரியே பார்க்கச் சொல்லு. மதுரையிலிருந்து வர்ற வழி பூரா டோல்தான். பின்னாடி வண்டி வரிசையா ஹாரன் அடிக்கிறப்போ மாப்பிள்ளை ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு நிக்கிறது நல்லாருக்காது.

எப்போ கிளம்புறது

ராத்திரி எட்டு மணிக்கு ஏறிப் படுத்தா விடிகாலையில சென்னைங்கிறது பஸ்ஸுக்குச் சரி. அதுல ரெண்டு டிரைவர் இருப்பாங்க, இல்லைன்னா பழக்கப்பட்ட ஒருத்தர். உன் வேனுக்கு ஒரே டிரைவர். அவர் பகல் பூரா வேற சவாரி ஓட்டிட்டு வந்திருக்க மாட்டார்னு யார் கண்டா? மதுரையிலிருந்து தாம்பரம் சுமார் 430 கிலோமீட்டர். திண்டிவனம், மேல்மருவத்தூர் தாண்டி வர்றப்போ மணி மூணு நாலாகும், கண்ணு சொக்குற நேரம் அது. மோட்டார் வண்டித் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலைனு 1961-லயே சட்டம் போட்டாச்சு. அதனால பகல்ல வாங்க. காலையில நாலு மணிக்குக் கிளம்பினா திருச்சி பைபாஸ்ல டிபன், விக்கிரவாண்டி பக்கம் வெள்ளனவே சாப்பாடு, ரெண்டு மணிவாக்குல வண்டலூர். பிள்ளைங்க ஜன்னல்ல ஊர் பார்த்துக்கிட்டு வரும், டிரைவர் அண்ணனும் ராத்திரி தூங்குவார்.

எந்தக் கிழமையில வந்தாலும் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மட்டும் சென்னைக்குள்ள வராதே. ஊருக்குப் போனவங்க மொத்தப் பேரும் அப்பத்தான் திரும்புவாங்க. செங்கல்பட்டுல ஆரம்பிச்சா பரனூர் டோல், கூடுவாஞ்சேரி, வண்டலூர்னு ஊர்ந்துதான் வரணும். மார்கழியில மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிக்கிட்டு செவ்வாடை பஸ்ஸுங்க வேற வரிசையா வரும். புதன்கிழமை வந்து சேருங்க, நிம்மதியா இருக்கும்.

தங்குறது

எங்க வீட்டுல தங்கலாமேனு நீ கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஒரு பாத்ரூம், பதினாலு பேர். உறவு கெடாம இருக்கணும்னா வெளியில தங்குறதே நல்லது.

வண்டலூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல, ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டின லாட்ஜா பாரு. போன்ல ரூம் வாடகையைக் கேட்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேளு. ஒண்ணு, காம்பவுண்டுக்குள்ள டிராவலர் வேன் நிக்குமா? "பார்க்கிங் இருக்கு மேடம்"னு சொல்வாங்க, அது கார் பார்க்கிங்கா இருக்கும். பேஸ்மென்ட்னா வேன் உள்ளேயே போகாது. "வேன் நிறுத்துற இடத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க"னு கேளு, கூச்சப்படாதே. ரெண்டாவது, ரயில்வே ஸ்டேஷன் நடக்கிற தூரமா? பெருங்களத்தூரும் வண்டலூரும் சின்ன ஸ்டேஷன்கள், ஏறி இறங்கச் சுலபம். தாம்பரத்துல கூட்டம் அதிகம், ஆனா வண்டி அதிகம்.

இன்னொரு வழியும் இருக்கு. மார்கழியில முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும். சில மண்டபத்துல மாப்பிள்ளை ரூம், பொண்ணு ரூம், மாடி ஹால்னு சேர்த்து நாள் வாடகைக்கு விடுவாங்க. பதினாலு பேருக்கு நாலு லாட்ஜ் ரூம் போடுறதை விட மலிவா முடியலாம். வேன் நிறுத்த வாசல் பூரா இடமிருக்கும். பாயும் போர்வையும் கொண்டு வரணும், வெந்நீர் எதிர்பார்க்கக் கூடாது. ராத்திரி எல்லாரும் ஒரே ஹால்ல வரிசையாப் படுத்துக் கதை பேசுறது பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். உன் மாமியாருக்குப் பிடிக்குமானு கேட்டுக்கோ.

டிரைவர் அண்ணனுக்கு ஒரு கட்டில் போடு. இதை ரொம்பப் பேர் கணக்குலயே சேர்க்கிறதில்லை. எங்க தெருவுக்குக் கல்யாணத்துக்கு வர்ற வேன்கள்ல பார்த்திருக்கேன். சனம் எல்லாம் ஏ.சி ரூமுக்குப் போயிடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வச்சு, படியில கொசுவர்த்தியை ஏத்தி வச்சுட்டு, ரெண்டு சீட்டுக்கு நடுவுல உடம்பை மடக்கிப் படுத்திருப்பார். நடு ராத்திரி வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டி "வண்டியைத் தள்ளிப் போடுப்பா"ம்பார். மறுநாள் உன் பிள்ளைங்களை வச்சு ஓட்டப்போறது அந்த மனுஷன்தான். ரெண்டு நாள் வண்டியை எடுக்காம அவர் ஓய்வா இருந்தா, அடுத்து வர்ற பாண்டிச்சேரி, தஞ்சாவூருக்கெல்லாம் அதுதான் காப்பு.

ரயில் ஏறுறது

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுது. நாங்க எலெக்ட்ரிக் ட்ரெயின்ம்போம். தாம்பரத்துலிருந்து எழும்பூருக்குப் பத்து ரூபாய் டிக்கெட். அஞ்சு வயசுக்குக் கீழே இலவசம், பன்னெண்டு வரைக்கும் அரை டிக்கெட். அதே தூரத்துக்கு வேனுக்கு டீசல், பார்க்கிங், டிரைவரோட பெருமூச்சு எல்லாத்தையும் கூட்டிப் பாரு.

செங்கல்பட்டுலிருந்து வர்ற வண்டி தாம்பரத்துக்கு வர்றப்பவே நிரம்பியிருக்கும். தாம்பரத்துலயே கிளம்புற வண்டினு போர்டுல பார்த்து ஏறு, எல்லாருக்கும் உட்கார இடம் கிடைக்கும். காலையில எட்டுலிருந்து பத்தரை, சாயந்திரம் அஞ்சுலிருந்து எட்டு, இந்த நேரத்துல ஏறாதே. அது ஆபீஸ் போறவங்களோட நேரம். நம்ம மூட்டை முடிச்சு, பாட்டி, பிள்ளைங்களோட நடுவுல போய் நின்னா அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் நாலு வார்த்தை கேட்கணும். பத்தே முக்காலுக்கு மேல ஏறினா பெட்டி காத்தாடும்.

பதினாலு பேரும் ஒரே கதவுல ஏற நினைக்காதே. வண்டி ஒரு நிமிஷம் கூட நிக்காது. வீட்டுலயே மூணு குழுவாப் பிரிச்சிடு. ஒவ்வொண்ணுக்கும் சத்தம் போடத் தெரிஞ்ச ஒரு பெரிய ஆள். அம்மாவும் உன் மாமியாரும் ஆளுக்கொரு குழுவுல இருக்கட்டும், ரெண்டு பேரையும் ஒரே குழுவுல போட்டா யாருக்குக் கை கொடுக்கிறதுனு தெரியாம நிப்பாங்க. பெண்கள் பெட்டியில ஏறுறதா இருந்தா ஆம்பளைங்க அதை ஒட்டின பொதுப் பெட்டியில ஏறட்டும்.

அப்புறம் இந்த ஒரு சட்டத்தைப் பிள்ளைங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்: யாராவது பிளாட்பாரத்துல விட்டுப்போனா, விட்டுப்போனவங்க நின்ன இடத்தை விட்டு அசையக் கூடாது. ஏறினவங்க எல்லாரும் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிக்கணும். குழுத் தலைவர் மட்டும் திரும்பி வந்து கூட்டிட்டுப் போவாங்க. ஓடுற வண்டியில தொத்தறதும், பிள்ளை விட்டுப்போச்சேனு ஓடுற வண்டியிலிருந்து குதிக்கிறதும்தான் ஆளைக் கொல்ற விஷயம். சின்னதுங்க முழங்கைக்கு உள்பக்கம் பேனாவால போன் நம்பரை எழுதிடு. சட்டைப் பையில சீட்டு வைக்காதே, சட்டையை மாத்திடுவே. வழி தவறின பிள்ளைக்கு 1098, ரயில் சம்பந்தப்பட்டதுக்கு 139. ரெண்டையும் எல்லார் போன்லயும் போட்டு வை.

ரயில்ல இறங்கி அங்கே இங்கே போக ஆட்டோவை விட்டா டவுன் பஸ் இருக்கு. மதுரையில மாதிரியே சாதாரணக் கட்டண பஸ்ல நமக்கு டிக்கெட் இல்லை, 2021 மே மாசத்துலிருந்தே. மாப்பிள்ளைங்க மட்டும் காசு கொடுக்கட்டும்.

சொல்லக் கூச்சப்படுற விஷயம்

டூர் பத்தி எழுதுற யாரும் பாத்ரூம் பத்தி எழுத மாட்டாங்க. பொம்பளைங்க பாதிப் பேர் டூர்ல தண்ணியே குடிக்காம வர்றதுக்குக் காரணம் அதுதான். அப்புறம் மூணாம் நாள் நீர்க்கடுப்புனு படுத்துக்கிறது.

வழியில பெட்ரோல் பங்க்குல கழிப்பறை வச்சே ஆகணும், இலவசமா விடணும். டீசல் போட்டாத்தான் விடுவோம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்லை. பூட்டியிருந்தா சாவி கேளு. பெரிய பங்க்கா, புதுசாக் கட்டினதாப் பார்த்து நிறுத்தச் சொல்லு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிக்கும்னு கிளம்புறப்பவே அறிவிச்சிடு. ஆள் ஆளாக் கேட்டு நிறுத்த வேண்டிய சங்கடம் இருக்காது.

சென்னைக்குள்ள மெட்ரோ ஸ்டேஷன்களை ஞாபகம் வச்சுக்கோ, சுத்தமா இருக்கும். கிண்டியிலயும் பரங்கிமலையிலயும் எழும்பூர்லயும் மின்சார ரயிலிலிருந்து அப்படியே மெட்ரோவுக்கு மாறலாம். பிள்ளைங்களுக்கு ஒரு தடவையாவது சுரங்க ரயில்ல போன மாதிரியும் ஆச்சு, நம்ம வேலையும் ஆச்சு. தி.நகர்ல பெரிய ஜவுளிக் கடை எதுலயும் உள்ளே கேட்டா மாடியைக் காட்டுவாங்க. மெரினாவுக்கு மட்டும் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு இருக்காதே, மணல்ல இறங்குறதுக்கு முன்னாடியே எல்லாரையும் அனுப்பி வச்சிடு. நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு சோப்பு, மக், இதெல்லாம் கேரியர் மூட்டையில இல்லாம உன் தோள் பையில இருக்கணும்.

எதைப் பார்க்க, எதை விட

மால்ங்கிறதை முதல்ல லிஸ்ட்ல இருந்து அடி. அது மதுரையிலயே இருக்கு.

வியாழக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்குப் போங்க. வெள்ளிக்கிழமை அதுக்கு லீவு, அதனாலதான் புதன்கிழமை வந்து சேரச் சொன்னேன். 1851-ல ஆரம்பிச்சது. முழுசும் பார்க்கணும்னா ஒரு நாள் போதாது, பிள்ளைங்களும் அழும். திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டிட்டு, நேரா வெண்கலச் சிலைகள் இருக்கிற கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ. திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கார். தூக்கின காலைப் பார்த்துட்டு ஊன்றின காலை விட்டுடாதே. முழங்கால் மடங்கி, மொத்த எடையையும் அது தாங்குறதைக் கிட்டப் போய்ப் பார்க்கணும். அம்மா அந்தச் சிலை முன்னாடி நின்னா நகர மாட்டா, நேரம் ஒதுக்கு. மத்த கூடங்கள் எல்லாம் காலுக்குத் தெம்பு இருந்தா.

கோயில்னா மத்தியானம் நடை சாத்திடுவாங்கனு உனக்குத் தெரியாததில்லை, நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. அதனால மியூசியம் முடிஞ்சு சாப்பிட்டு, நாலரைக்குத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். கோயில் முடிஞ்சதும் பிள்ளைங்களுக்குப் பசிச்சா பக்கத்துலயே ரத்னா கஃபேல சாம்பார்ல மிதக்கிற இட்லி. அங்கிருந்து கடற்கரை நடக்கிற தூரம். வைகுண்ட ஏகாதசி அந்த வாரத்துல வந்தா மட்டும் திருவல்லிக்கேணி பக்கம் தலை வச்சும் படுக்காதே. கபாலி கோயிலுக்கு மாத்திக்கோ. பூங்கா ஸ்டேஷன்ல இறங்கி எதிர்ல பார்க் டவுன்ல பறக்கும் ரயில் ஏறினா திருமயிலையில இறங்கலாம். டிசம்பர்ல மயிலாப்பூர் பக்கம் போனா சபா கேன்டீன்ல சாப்பிடாம வராதே. கச்சேரி டிக்கெட் இல்லாதவங்களையும் பல சபாக்கள்ல உள்ளே விடுவாங்க. ஒரு இலைச் சாப்பாட்டுக்கு விலை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா உன் மாமியார் ஊர்ல போய் ஒரு வருஷம் சொல்லிக்கிட்டிருப்பாங்க.

மெரினாவுல மணல் ஆழம். முட்டி வலிக்காரங்களுக்கு அலை வரைக்கும் போறது யாத்திரைதான். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மரப்பலகையில ஒரு பாதை போட்டிருக்காங்க, 2022 நவம்பர்ல திறந்தது, அலைக்குக் கிட்ட வரைக்கும் போகும். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்டது. உன் மாமியாரை அதுல மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போ, மத்த பன்னெண்டு பேரும் மணல்ல நடக்கட்டும். பலகை மேல உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டு, சக்கர நாற்காலிக்கு வழி மறிக்கிற கூட்டத்துல நாமும் சேர வேண்டாம்.

தண்ணியில இறங்கறது பத்திக் கண்டிப்பா சொல்றேன். அங்கே குளிக்கத் தடை இருக்கு, சும்மா போட்ட தடை இல்லை. கரையிலிருந்து ரெண்டு எட்டுலயே பள்ளம் விழும், திரும்புற அலை காலுக்கடியில மணலை உருவும். கணுக்கால் வரைக்கும் நனைக்கலாம், அதுவும் பெரியவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு. வைகை ஆத்துல நீச்சல் தெரியும்னு உன் கொழுந்தன் பேசுவான், அவனைத்தான் முதல்ல பிடிச்சு வைக்கணும். டிசம்பர் 31 ராத்திரி மெரினா ஆசை வேண்டாம். காமராஜர் சாலையில போக்குவரத்தை நிறுத்திடுவாங்க, திரும்பி வர வழி இருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில தி.நகர். பொங்கல் கூட்டம் ஆரம்பிச்சிருக்கும், அதனால ஆபீஸ் கூட்டத்துக்கு முந்தியே ரயில் ஏறி, கடை திறக்கிறப்பவே போயிடணும். மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கினா ரங்கநாதன் தெரு வாசல்லயே இருக்கு. தெருவுக்குள்ள நசுங்க வேண்டாம்னு நினைக்கிறவங்க ஸ்டேஷன்லிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போற ஆகாய நடைபாதையில போகலாம். 570 மீட்டர், 2023-ல திறந்தது, லிஃப்ட் இருக்கு. அம்மாவுக்கு அதுதான் சரி. எடுக்கப்போறதை ஊர்லயே எழுதிட்டு வா: யாருக்கு என்ன அளவு, எவ்வளவு ரூபாய்க்குள்ள. எழுதாம வந்தா முதல் கடையிலயே நாலு மணி நேரம் போயிடும். பர்ஸ் கைப்பையில இருக்கட்டும், கைப்பை முன்பக்கம் இருக்கட்டும். மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள ரயில் ஏறிடணும். பையோட ஆபீஸ் கூட்டத்துல மாட்டினா எடுத்த புடவை அங்கேயே கசங்கிடும். மாப்பிள்ளை புத்தகம் படிக்கிறவர்தானே, புத்தகக் கண்காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல ஆரம்பிச்சிருந்தா அவரை மட்டும் அங்கே அனுப்பிடு. நந்தனத்துல மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. ஜவுளிக் கடையில கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு அது மேல்.

கிளம்புறப்போ

இங்கேதான் ஊர் ஓரத்துல தங்கினதோட அருமை தெரியும். சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வண்டலூர் மிருகக்காட்சி சாலை. அம்மா சின்னப் பிள்ளையா மூர் மார்க்கெட் பக்கம் பார்த்த அதே மிருகக்காட்சிதான், 1985-ல இங்கே மாறி வந்தது. 602 ஹெக்டேர். நடந்து முடியாது, பேட்டரி வண்டிக்கு முதல்ல டிக்கெட் எடு. பிளாஸ்டிக் பை, தின்பண்டம் எல்லாம் வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க, வேன்ல விட்டுட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை லீவுங்கிறதை யாராவது கேட்டா சொல்லு.

அதை முடிச்சு வெளியே வந்தா பக்கத்துலயே வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு பிரியுது. டிரைவர் அண்ணன் ஜி.எஸ்.டி ரோட்டுல வடக்கே ஒரு அடி கூட எடுத்து வைக்க வேண்டாம். கேளம்பாக்கம், கோவளம், அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. தெற்கே திரும்பினா வடநெம்மேலியில முதலைப் பண்ணை, 1976-லிருந்து இருக்கு. திங்கட்கிழமை மூடியிருக்கும், உனக்குச் சனிக்கிழமைங்கிறதால பிரச்சினை இல்லை. காலையிலதான் மிருகம் பார்த்தோமேனு பெரியவங்க அலுத்துக்கிட்டா தாண்டிப் போயிடுங்க. வெயில் தாழ மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கும் அஞ்சு ரதத்துக்கும் ஒரே டிக்கெட்டு போதும், நாப்பது ரூபாய். பதினஞ்சு வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. பிள்ளைங்களோட ஆதார் அட்டை போன்ல இருக்கட்டும், உன் பெரியவன் உயரத்தைப் பார்த்தா கேட்கத்தான் செய்வாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு எங்க வீட்டுலதான், அதை லிஸ்ட்ல ஏத்திக்கோ. மொட்டை மாடியில பாய் விரிச்சுடுறேன். இடியாப்பமும் சொதியும் போதும்தானே, இல்லை மாப்பிள்ளைக்குக் கறி வேணுமா? குரோம்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி போன் அடி, உன் மாமா வந்து கூட்டிட்டு வருவார். வேன்ல வர்றேன்னு மட்டும் சொல்லிடாதே, எங்க தெருவுல குப்பை வண்டி வந்தாலே ரெண்டு வீட்டு பைக்கை எடுக்கணும்.